மிட்டாதார் வரவழைத்த வெயில்

ஒரு வாரமாக வானம் மூடிக்கிடந்ததில், மிட்டாதாரின் மொச்சைக் காடு முழுக்க அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. "நாலு நாள்ல ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது. இருந்தா உனக்கு இங்க வேலையில்ல!" என்று தன் பண்ணையாள் சடைச்சியிடம் உறுமினார் மிட்டாதார்.

"அதைத் தின்னப் பொறிவண்டு இருக்குதுங்க சாமி. குளிருக்கு முடங்கிக் கிடக்குது. வெயிலை மட்டும் நீங்க வரச் சொல்லிடுங்க" என்றாள் அவள்.

கூலியாட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். தன்னால் முடியாது என்று சொல்ல மிட்டாதாருக்கு வாய் வரவில்லை. "சொல்லிட்டேன், போ!" என்றார்.

மறுநாளே வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டுகள் செடி செடியாக மேய்ந்து, மூன்றே நாளில் பூச்சியைத் தீர்த்துக்கட்டின.

"பார்த்தியா, நான் சொன்னதும் வெயில் வந்துடுச்சு!" என்று மீசையை முறுக்கினார் மிட்டாதார்.

"ஆமாங்க சாமி" என்று கும்பிட்டாள் சடைச்சி. "அப்போ, போன வாரம் அந்த மேகத்தை வரச் சொன்னது யாருங்க?"