கல்லில் வரைந்த கூடு

முட்டை ஓட்டுக்குள் இருந்தபோதே மாயாண்டி கேட்ட சத்தம் அது. காய்ந்த சுள்ளி ஒன்று இன்னொரு சுள்ளியின்மேல் விழும் சத்தம். டொக். அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் முழுக்க எதுவும் இருக்காது. மறுநாள் விடியலில் மறுபடியும், டொக். கண் திறப்பதற்கு முன்னால், வெளிச்சம் என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு முன்னால், உலகம் என்பது இருட்டும் அந்த ஒற்றைச் சத்தமும்தான் என்று அவன் நினைத்திருந்தான். கூட்டைக் கட்டி முடித்த பிறகும் அவனுடைய அப்பா விடியலில் ஒரு சுள்ளி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில், பறவைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆட்காட்டிக் குருவிகளும் மரத்தில்தான் குடியிருந்தன. நெட்டை மஞ்சள் கால்களும் கறுத்த கழுத்தும் அன்றும் இதே மாதிரிதான். ஆனால் காலின் பின்பக்கம் நீளமான ஒரு விரல் இருந்தது, கிளையைச் சுற்றிப் பிடிப்பதற்கு. கண்ணோரத்தில் சிவப்பு இல்லை. கத்தவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பேசி வாழ்ந்த இனம்.

அவர்கள் இருந்த கண்மாய் கோடையில் வறண்டுவிடும். வறண்ட தரையில் கருவேல மரங்கள் நிறைய நின்றன. அங்கே குடியிருந்த எல்லாப் பறவைகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஒரு சுள்ளி, அதன் பிறகுதான் இரை. ஒரு நாளைக்கு ஒன்றுதான். இன்று வைத்த சுள்ளி ஒரு பகல் வெயிலையும் ஓர் இரவுக் காற்றையும் தாங்கி, கிளையோடு பழகிய பிறகுதான் அடுத்தது அதன்மேல் நிற்கும். அவசரப்பட்டு இரண்டு வைத்தால் இரண்டும் விழும். ஆனி பிறந்ததும் தொடங்கினால் புரட்டாசி முடிவதற்குள் நூறு சுள்ளி ஆகிவிடும். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும்போது முட்டைகள் மேலே இருக்கும், தண்ணீர் கீழே இருக்கும். சுள்ளி ஆணின் வேலை. உள்ளே விரிக்கும் பஞ்சு பெண்ணின் வேலை. வைக்காதவனை ஏன் என்று வெளியார் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வழக்கத்தில் கொடுமையான பகுதி அந்தக் கேட்காமைதான்.

மாயாண்டிக்கும் பொன்னுத்தாய்க்கும் அந்தச் சித்திரையில் கல்யாணம் ஆனது. வடக்குப் பார்த்த கிளை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கு மேல்கிளையில் மூக்காயி என்ற காக்கையும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

ஆனி முதல் நாள் மாயாண்டி சுள்ளிக்குப் போகாமல் இல்லை. போனான். எடுத்துக்கொண்டும் வந்தான். கிளையில் வைக்கப் போகும்போது பார்த்தால் சுள்ளி லேசாக வளைந்திருந்தது. முதல் சுள்ளி கோணினால் கூடு கடைசிவரை கோணித்தான் போகும் என்று அவனுக்குத் தோன்றியது. கீழே போட்டுவிட்டான். கூடு எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் பிறகு வேலை தானாக ஓடும் என்று நினைத்தான். தரைக்கு இறங்கி, கூழாங்கற்களைப் பொறுக்கி, கூட்டின் அளவை வட்டமாக அடுக்கினான். வட்டம் அழகாக வந்தது. சாயங்காலம் பார்த்தால் நாள் முழுக்க உழைத்த அலுப்பு. அந்த அலுப்புதான் அவனைக் கெடுத்தது. வேலை செய்தவனுக்கு வரும் அலுப்பும் தூக்கமும் அவனுக்கு வேலை செய்யாமலே வந்துவிட்டன.

காலையில் எழுந்ததும் வட்டத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக அவன் தரையிலேயே படுக்கத் தொடங்கினான்.

பொன்னுத்தாய் பஞ்சு பொறுக்கினாள். எருக்கங்காய் வெடிக்கும் காலம். வெடித்த காய்களுக்குள் இருந்த வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு இழையாக அலகில் கொண்டுவந்து, வைக்கக் கூடு இல்லாததால், ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் செருகி வைத்தாள்.

ஆனி முடியப்போகும் சமயத்தில் அவள் கேட்டாள். "இன்னைக்காவது ஒண்ணு வச்சீகளா?"

"வெள்ளிக்கிழமை வரட்டும். ஒரேயடியா ஆரம்பிச்சிருவோம்."

"போன வெள்ளிக்கிழமைக்கு என்ன கொறச்சல்?"

"போன வெள்ளி காத்து சாஸ்தி."

"அதே காத்துதான் மூக்காயி அக்கா வீட்டுக்காரருக்கும் அடிச்சுச்சு."

மாயாண்டி வட்டத்திலிருந்த ஒரு கல்லைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான்.

மேல்கிளையிலிருந்து மூக்காயி எட்டிப் பார்த்தாள். "என்ன கொழுந்தனாரே, தரையில கோலமா? பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கே."

"கூட்டோட அளவு மதினி. உங்க வீடு மாதிரி வாய்க்கு வந்ததைச் செருகி வைக்கிறதுக்கு இல்ல."

"எங்க வீடு குப்பைமேடுதான், யாரு இல்லேன்னா. ஆனா குப்பைமேட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டுல்ல ஒங்க பேச்சைக் கேக்குறேன்."

பொன்னுத்தாய் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மாயாண்டிக்குப் பிடிக்கவில்லை. அதனாலேயே அன்றும் அவன் சுள்ளிக்குப் போகவில்லை.

ஆடி வந்தது. ஆடிக் காற்று தட்டைக் கல்லுக்கு அடியில் நுழைந்து பஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு போனது. பொன்னுத்தாய் அதன் பின்னால் கொஞ்ச தூரம் பறந்து பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பினாள்.

"பாத்தியா, நல்லவேளை கட்டல. கட்டியிருந்தா கூடும் போயிருக்கும்" என்றான் மாயாண்டி.

அவள் சுற்றியிருந்த மரங்களை ஒரு முறை பார்த்தாள். ஒரு கூடும் போயிருக்கவில்லை. மறுநாள் மறுபடி பஞ்சு பொறுக்கப் போனாள்.

மாயாண்டிக்குச் சோம்பேறி என்ற பெயர் பொருந்தாது. சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். இவனுக்கு விடியலில் விழிப்பு வந்துவிடும். எல்லா மரங்களிலிருந்தும் டொக், டொக் என்று சத்தம் கேட்கும். அப்பாவின் நினைவு வரும். எழுந்திருக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இத்தனை நாள் வைக்காமல் இன்றைக்கு ஒன்றை வைத்தால், வைக்காத நாளெல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடுமே என்று கூச்சமாக இருக்கும். தலையை இறக்கைக்குள் நுழைத்துக்கொள்வான். சத்தம் அடங்கியபின் எழுந்து, "இன்னைக்கு நேரமாகிப்போச்சு" என்பான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். பொன்னுத்தாய்க்கு அந்த நிம்மதியைக் கேட்டால் வயிறு எரியும்.

ஆவணியில் அவள் தானே சுள்ளி வைக்கத் தொடங்கினாள். அவன் இறக்கைக்குள் தலையை நுழைத்திருக்கும் நேரத்தில் போய் எடுத்துவருவாள். ஒரு நாளைக்கு ஒன்று. பழக்கமில்லாத வேலை. அலகோரம் கிழிந்தது. சுள்ளிகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அவலட்சணமாக நின்றன. ஆனால் நின்றன. பதினோரு நாள், பதினோரு சுள்ளி. மேல்கிளையில் மூக்காயி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மாயாண்டி தற்செயலாக அண்ணாந்து பார்த்தான்.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"சுள்ளி வைக்கிறது யாரு வேலை?"

"வைக்கிறவுக வேலை."

"நாலு பேரு பாத்தா என்னைய என்ன நெனைப்பாக? கோணலா வேற இருக்கு. என் அளவுல பாதிகூட இல்ல இது."

"கோணலா இருந்தா என்னங்க, முட்டைக்குக் கண்ணா தெரியும்? இதுமேல நாளைக்கு நீங்க ஒண்ணு வையுங்க. அடுத்த நாளு நான் வைக்கிறேன். புரட்டாசிக் கடைசிக்குள்ள நாலு முட்டைக்கு எடமாயிரும்."

அவள் சொன்னது நடக்கக்கூடியது என்று அவனுக்குத் தெரியும். அன்று அவன் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். அவன் கிளைக்குப் பறந்தான். கால் கொஞ்சம் வழுக்கியது, அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு சுள்ளியாக அலகால் இழுத்துக் கீழே போட்டான்.

டொக். டொக். டொக்.

முட்டைக்குள் கேட்ட அதே சத்தம். பதினோரு முறை கேட்டது.

"நாளைக்கு நானே மொதல்லேருந்து ஒழுங்கா வைக்கிறேன்" என்றான்.

பொன்னுத்தாய் அழவில்லை. "சரி" என்றாள். அதற்குப்பின் அவள் அவனிடம் சுள்ளியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் போனது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

புரட்டாசியில் மேற்கே மேகம் கறுத்தது. பொன்னுத்தாயின் வயிறு கனத்து அவள் பறப்பதே சிரமமாகிவிட்டது. அதைப் பார்த்த அன்றுதான் மாயாண்டிக்குப் பயம் வந்தது. ஒரே பகலில் கண்மாய் முழுக்க ஓடி ஓடிச் சுள்ளி பொறுக்கினான். இரை எடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நூறு சுள்ளியையும் மரத்தடியில் குவித்தான். குவியலைப் பார்த்தால் பெருமையாகக்கூட இருந்தது. முதல் சுள்ளியை அலகில் எடுத்துக்கொண்டு கிளையில் போய் உட்கார்ந்தான்.

கால் பிடிக்கவில்லை.

இறக்கையை அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். மறுபடி வழுக்கினான். தரையில் வந்து நின்று குனிந்து காலைப் பார்த்தான். நான்கு மாதமாகக் கிளையைப் பிடிக்காத பின்விரல் சுருங்கி, வற்றி, முள் நுனி போல ஒட்டிக்கொண்டிருந்தது.

உட்காராமலே பறந்தபடி சுள்ளிகளைக் கிளையில் போட்டுப் பார்த்தான். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டது எதுவும் நிற்கவில்லை. கடைசிச் சுள்ளியும் விழும்வரை மூக்காயி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

"மதினி, அண்ணன் ஒரு நாலு நாளு வந்து..."

"வரச் சொல்றேன் கொழுந்தனாரே. ஆனா அவரு வந்தாலும் நாலு நாளைக்கு நாலு சுள்ளிதான."

பொன்னுத்தாய் நடந்து வந்தாள். அவன் நான்கு மாதமாகச் சரிபார்த்துச் சரிபார்த்து அடுக்கியிருந்த கூழாங்கல் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். "நீங்க கட்டுன கூடு இதுதான. இதுலயே இருக்கட்டும்" என்றாள். அன்று ஒன்றும் அடுத்தடுத்த நாட்களில் மூன்றுமாக, நான்கு முட்டைகள் வெறும் மண்ணில் விழுந்தன.

அவள் அடைகாத்தாள். அவன் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு கல் விலகினால் சரிசெய்தான். ஐப்பசி பாதி போன பிறகு ஒரு நாள் குனிந்து காதை வைத்துக் கேட்டான். ஓட்டுக்குள் சின்னதாக ஒரு பிராண்டல். இவை என்ன சத்தத்தைக் கேட்டு வளர்ந்திருக்கும் என்று யோசித்தான். கல்லை நகர்த்தும் சத்தம். அதைத் தவிர வேறு எதுவும் அவன் அவற்றுக்குக் கொடுத்திருக்கவில்லை.

இன்னும் நான்கே நாள் கிடைத்திருந்தால் குஞ்சுகள் வெளியே வந்து ஓடியிருக்கும். தண்ணீர் அன்று மத்தியானமே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, நல்ல வெயில். எங்கோ மேற்கே பெய்த மழை ஓடைவழியாக நுரையும் சருகுமாகக் கண்மாய்க்குள் வந்து, வெடித்த மண்ணில் ஒவ்வொரு கீறலாக நிரப்பிக்கொண்டு மெதுவாக முன்னேறியது. ஓடிப்போய்த் தடுக்க வேண்டிய வேகம்கூட அதற்கு இல்லை.

மாயாண்டி கத்தினான். அதுவரை எந்த ஆட்காட்டியும் அப்படிக் கத்தியதில்லை. தண்ணீருக்கு முன்னால் ஓடினான், எழுந்து பறந்தான், வட்டமிட்டான், திரும்ப வந்து கத்தினான். எல்லாக் கூடுகளிலிருந்தும் தலைகள் நீண்டன. மூக்காயி இறங்கி வந்து ஒரு முட்டையை அலகால் கவ்விப் பார்த்தாள். முட்டை பெரிது. இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை ஓட்டில் கீறல் விழப் பார்த்தது. வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேலே போய்விட்டாள்.

பொன்னுத்தாய் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கல்வட்டத்துக்குள் நுழைந்து வயிற்றைத் தொட்டது. பிறகு மார்பு. முட்டைகள் அடியில் மிதந்து அவளை ஒரு முறை மெல்லத் தூக்கின. அப்போதுதான் அவள் எழுந்தாள். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சருகோடு சேர்ந்து போயின. அவள் மாயாண்டியைத் திட்டவில்லை. கரையில் போய் நின்று இறக்கையிலிருந்த ஈரத்தை உதறினாள்.

அவன் அன்று சாயங்காலம்வரை கத்தினான். மறுநாளும் கத்தினான். கத்திக் கத்திக் கண்ணோரத்துத் தோல் சிவந்து தடித்துப்போனது. பிறகு அது வடியவே இல்லை.

மாசியில் கண்மாய் வற்றியது. மண்ணுக்குள்ளிருந்து கூழாங்கல் வட்டம் வெளியே வந்தது. ஒரு கல்கூட இடம் மாறியிருக்கவில்லை. அவன் கட்டியது அவ்வளவு உறுதியாக இருந்தது. அடுத்த வருஷம் அவர்களுக்குக் கிளை இல்லை, கிளையைப் பிடிக்க அவனுக்கு விரலும் இல்லை. கரையோரம் மேட்டில் ஓர் இடம் பார்த்து, அதே அளவில் கல் அடுக்கினார்கள். தரையில் பிறந்த குஞ்சுகளுக்குப் பின்விரல் முள் நுனி அளவுக்கு மேல் வளரவே இல்லை.

அன்று முதல்தான் ஆட்காட்டிக் குருவி மரத்தில் உட்காராமல், திறந்த வெளியில் நாலு கூழாங்கற்களைச் சுற்றிவைத்து வெறும் தரையில் முட்டையிடுகிறது. யார் கால் அந்தப் பக்கம் வந்தாலும், மாடோ மனிதனோ தண்ணீரோ, சிவந்த கண்ணோடு எழுந்து பறந்து கத்துகிறது.

பொன்னுத்தாய் அதற்குப்பின் பல வருஷம் இருந்தாள். பஞ்சு மட்டும் பொறுக்கவில்லை.