சூடான இன்ஜின்

ஓட்டப்போகிறவளைக் கேட்காமலே வண்டி பார்த்தார்கள். தப்பு அங்கேதான். காட்டுப்பாதையில் மலைக்கிராமங்களுக்குப் போகிற நர்ஸ் அவள். குளிரில் கிளம்பாத வண்டி அவளை நடுக்காட்டில் நிறுத்திவிடும்.

மண்பாதையில் ஓட்டுகிற பழைய டர்ட் பைக் ஒன்றைத் தட்டினார் பழைய வண்டிக் கடைக்காரர் குப்புராஜ். "ஒரு வாரமாத் தொடவே இல்லை. ஆனாலும் ஒரே உதையில கிளம்பும்!"

"இதையே எடுத்துக்கலாம்," என்றான் புருஷன்காரன் பூவரசன்.

"இன்ஜின்…" என்று அவள் வாயெடுத்தாள்.

"பொம்பளைக்கு இன்ஜினைப் பத்தி என்னம்மா தெரியும்? குறை இருந்தாக் காட்டு பார்ப்போம்!" என்று சிரித்தார் குப்புராஜ்.

பாட்டில் தண்ணீரை இன்ஜின்மேல் தெளித்தாள். சுர்ரென்று ஆவி பறந்தது.

"ஒரு வாரமாப் படுத்துக் கிடக்கிற வண்டிக்குக் காய்ச்சல் கொதிக்குதே அண்ணே! ஆறட்டும். டீ குடிச்சிட்டு வர்றோம், அப்புறம் உதைங்க."

அவர்கள் திரும்பி வந்தபின் குப்புராஜ் நாற்பது உதை உதைத்தார். அவர் செருப்புதான் பறந்தது.

மூலையில் சில்லென்று நின்ற சின்ன வண்டியைத் தானே உதைத்துக் கிளப்பி, அதையே எடுத்துக்கொண்டு போனாள், யாரும் கேட்காத அங்கயற்கண்ணி.