வர வேண்டியவர்

கடல்நீர் இத்தனை கரிக்காத முன்னொரு காலத்தில், வலம்புரித் தீவின் ஓடத்துறைக் கொட்டகையில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: துறைத்தலைவர் அடைக்கலம், கருவாட்டுக்காரி சீனியம்மாள், அக்கரைக்குப் போக வந்த மந்திரவாதி வக்கிரதந்தன், ஓடக்காரன் மனைவி முத்திருளாயி. வெளியே, ஓடம் கட்டும் தறியின்மேல் ஒரு நாரை.

அந்த நாரைதான் முத்திருளாயியின் கணவன் தவசி. ஓடத்தை அவிழ்க்குமுன் “வர வேண்டியவர் உண்டா?” என்று மும்முறை கூவுவது அவ்விடத்து முறை. உண்டென்று ஒருவர் சொன்னாலும், வர வேண்டியவர் வந்து சேரும்வரை ஓடம் நகராது. ஏழாண்டுக்கு முன் வக்கிரதந்தன் அக்கரையிலிருந்து வந்தபோது, கூவாமல் புறப்படச் சொன்னான். தவசி மும்முறையும் கூவிய பின்னரே துடுப்பைத் தொட்டான். தீவின் மணலில் இறங்கியதும் மந்திரவாதி அவனை நாரையாக்கிவிட்டு மலைக்குகைக்குத் தவம் செய்யப் போனான். அன்றுமுதல் ஓடம் புறப்படும் நேரமெல்லாம் அந்தப் பறவை மூன்று முறை கத்தும். முத்திருளாயி மீன் வைப்பாள், தின்னும். அவள் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பாராது.

இப்போது வக்கிரதந்தனுக்கு அவசரம். மூன்றாம் நாள் அமாவாசை. அதற்குள் அக்கரையில் பூசை முடிக்காவிட்டால் வித்தை அழியும். உப்புநீருக்கு மேல் அவன் மந்திரம் பலிக்காது; கொட்டகையோ உப்புநீரில் கால் ஊன்றி நின்றது.

அடைக்கலம் கூவினார்.

“உண்டு,” என்றாள் முத்திருளாயி.

“யாரம்மா?”

“என் வீட்டுக்காரர்.”

அடைக்கலம் கயிற்றைத் தறியில் மீண்டும் சுற்றினார்.

முதல் நாள் மந்திரவாதி சிரித்தான். இரண்டாம் நாள் மிரட்டினான். முத்தும் பவளமும் தருவதாகச் சொன்னான். அவள் கொட்டகையை விட்டு அசையவில்லை.

“பறந்து போக வேண்டியதுதானே, சாமி? சிறகு முளைக்க வைக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே,” என்றாள் சீனியம்மாள்.

மூன்றாம் நாள் அவன் குரல் தணிந்தது. “என்னதான் வேண்டும் உனக்கு?”

“எனக்கு ஒன்றும் வேண்டாம், ஐயா. வர வேண்டியவர் வரட்டும்.”

அவன் மணலில் இறங்கி, இட்ட சாபத்தைத் திரும்ப வாங்கினான். மாற்று ஓடக்காரன் துடுப்புப் போட ஓடம் புறப்பட்டது, ஆனால் அது அக்கரை சேருமுன் அமாவாசை கழிந்தது, அவன் வித்தையும் கழிந்தது.

தவசி கொட்டகைக்குள் வந்தான். நாளை முதல் துடுப்பு மறுபடி அவனுடையது என்று அடைக்கலம் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

“முத்திருளாயி, உன் தலை எப்போது நரைத்தது?” என்றான்.

ஏழாண்டாய் அவனுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஏராளம். அவற்றில் ஒன்றையும் எடுக்காமல், அவன் கையைப் பற்றிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.