முள்ளம்பன்றி தின்ற கிழங்கு

கோடையில் புல் கருகிப்போன மலைக்காட்டில், முள்ளம்பன்றி கூரன் செங்காந்தள் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தான். பசியால் வாடிய முயல்கள் அவனைச் சூழ்ந்து நின்றன. அவற்றுள் தவிட்டியும் ஒருத்தி. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பல் முளைத்த ஒற்றைக் குட்டி புதருக்குள் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"அது நஞ்சாயிற்றே, கூரண்ணே" என்றாள் தவிட்டி.

"நஞ்சா? என் முகத்தைப் பார். செத்தவன் முகமா இது? தினம் ஒன்று தின்கிறேன்."

காட்டின் கணக்கன் எனப் பெயரெடுத்த நரி வக்கணன் முன்னே வந்தான். "எடையில் ஐந்து முயல் சேர்ந்தால் ஒரு கூரன். ஆகவே முயலுக்குக் கிழங்கில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் தொடாதீர்கள், ஆபத்தில்லை."

நெட்டையன் என்ற கிழட்டு முயல் காலையிலேயே தன் பங்கை முதலில் விழுங்கினான். உச்சிப்பொழுதிலும் அவன் துள்ளிக்கொண்டிருந்தான். "ஆள் பத்து வயது குறைந்துவிட்டான்!" என்று முயல்கள் சிரித்தன, சிரித்தபடியே கிழங்கின்மேல் பாய்ந்தன.

தவிட்டியும் தன் பங்கைக் கவ்விப் புதர்வரை வந்துவிட்டாள். குட்டி வாயைத் திறந்தது. அதற்கு ஊட்ட மனம் வராமல் அவள் திரும்பி வந்து கிழங்கைக் கீழே வைத்தாள்.

"கணக்கரே, கூரன் உடம்பை எடைபோட்டீர்கள். அவன் குடலையும் முயல் குடலையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?"

"நெட்டையன் துள்ளுவது உன் கண்ணில் படவில்லையா?"

"இன்னும் பொழுது சாயவில்லையே."

குட்டியின் சிணுங்கல் தேய்ந்துகொண்டே வந்தது. 'காத்திருந்தே இதைக் கொன்றுவிடுவேனோ?' என்று அவள் அஞ்சினாள். ஆயினும் கிழங்கைத் தொடவில்லை. இலந்தைப் பட்டையைக் கடித்து உரித்தாள். கசப்பும் நாருமாக இருந்தது. ஆனால் சென்ற பஞ்சத்திலும் முயல்கள் தின்று பிழைத்த பட்டை அது. அதை மென்று கூழாக்கிக் குட்டிக்கு ஊட்டினாள்.

பொழுது சாய்ந்தது. நெட்டையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அவனைத் தொடர்ந்து மற்றவையும் விழுந்தன. மறுநாள் விடிந்தபோது, தின்றவற்றில் பாதி எழவே இல்லை.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கூரன் திகைத்தான்.

வக்கணன் தொண்டையைச் செருமினான். "பாதி பிழைத்திருக்கிறதே. என் அளவு முழுத் தவறில்லை."

"எனக்கு இருப்பது ஒரே குட்டி, கணக்கரே" என்றாள் தவிட்டி. "அதில் எந்தப் பாதி பிழைத்திருக்கும்?"

அவள் பின்னால் குட்டி பட்டையைக் கொறிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

பிறர் உடல் தாங்கியதைக் கொண்டு தம் உடலுக்கு அளவு வகுப்பவர், அந்தக் கணக்கின் பிழையைத் தம் உயிரால் திருத்த நேரிடும்.