உப்பாந்தீவுக்கு வந்த பாயிண்ட்

உப்பாந்தீவு என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் நாடே மறைந்துவிடும். ஆனாலும் அதற்கென்று ஒரு வாலிபால் அணி உண்டு, அணிக்குக் கொம்பையா என்று ஒரு கேப்டனும் உண்டு. உலக நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் போட்டிக்கு ஏழு தடவை போய்விட்டார்கள். ஏழு தடவையும் ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை.

எட்டாவது தடவை கிளம்பியபோது அமைச்சர் பூவலிங்கம் படகுத்துறைக்கே வந்துவிட்டார்.

"கொம்பையா, இந்தத் தடவை ஒரு பாயிண்டாவது கொண்டு வரணும். வெறுங்கையோட வந்தா நம்ம மைதானத்துல கருவாடு காயப்போட்டுருவேன், ஆமா!"

அந்த மைதானம்தான் கொம்பையாவுக்கு எல்லாம். கல்யாணத்தன்றுகூட தாலி கட்டிய கையோடு அங்கேதான் ஓடினான். அதில் போய்க் கருவாடா!

போன இடத்தில் சோதனையைப் பாருங்கள், பயிற்சியாளருக்கு வயிற்றுப்போக்கு. கட்டிலில் சுருண்டு கிடந்தபடியே சொன்னார்: "மூணே விஷயம்தாம்பா. பந்து தரையில படக் கூடாது. நெட்டுல கை படக் கூடாது. அடிக்க வர்றவன் கண்ணையே பாருங்க. தள்ளுங்க, நான் அவசரமாப் போகணும்!"

முதல் பந்து வந்தது. அணியில் இருந்த மாசானம் அதைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். நடுவர் விசில் ஊதினார்.

"தரையில பட்டுச்சாடா?" என்றான் கொம்பையா.

"படவே இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு ஊதுறாரு?"

"நல்லாப் பிடிச்சேன்னு சந்தோஷத்துல ஊதுறாரு போல."

ஆறு பேரும் நடுவருக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். அடுத்தடுத்து வந்த பந்துகளையும் அப்படியே பத்திரப்படுத்தினார்கள். இருபத்தைந்துக்குப் பூஜ்யம் என்று முதல் செட் போயிற்று.

செட் முடிந்தால் பக்கம் மாற வேண்டும். நெட்டின் ஓரமாக நடந்தால் கை பட்டாலும் பட்டுவிடும் அல்லவா? அதனால் வாசல் வழியாக வெளியே போய், அரங்கத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் ஆளுக்கொரு டீயும் குடித்துவிட்டு, அடுத்த வாசல் வழியாக வந்தார்கள். நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டினார். மாசானம் அதை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

இரண்டாவது செட்டும் அதே கதி. மூன்றாவதில் எதிரணி இருபத்து நான்கு, நம்மவர்கள் பூஜ்யம். கொம்பையாவின் மூக்கில் கருவாட்டு வாடை ஏறிவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அப்போதுதான் எதிரணிக்காரன் ஒருத்தன் பனைமர உயரத்துக்கு எம்பி அடித்தான். நம்ம அணி இருளப்பன் அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. பந்து வந்ததையும் பார்க்கவில்லை. அது இருளப்பன் நெற்றியில் மடேரென்று மோதி, நெட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்தது.

பாயிண்ட்! ஐயோ, பாயிண்ட்!

அன்றைக்கு பாயிண்ட் காட்டும் மின்பலகை பழுது. அதனால் எண் எழுதிய தகடுகளைத்தான் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு 'ஒன்று' மாட்டியதும் கொம்பையா அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான்.

மாசானம் காதோரம் வந்தான். "அண்ணே, அமைச்சர் கொண்டு வரச் சொன்னது இதைத்தானே?"

"இதேதாண்டா."

"இன்னும் ஆடினா அவங்க இதைப் பிடுங்கிக்க மாட்டாங்களா?"

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வம்பே வேணாம். கழற்றுடா!"

இருளப்பன் மாசானத்தின் தோளில் ஏறித் தகட்டைக் கழற்றினான். ஆறு பேரும் ஒரே ஓட்டமாகப் படகுக்கு ஓடினார்கள். பயிற்சியாளர் அப்போதும் கழிவறையில்தான் இருந்தார்.

உப்பாந்தீவில் மேளம் முழங்கியது. அமைச்சர் தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மைதானம் உனக்குத்தாண்டா கொம்பையா!" என்றார். கொம்பையா அந்த மண்ணில் விழுந்து புரண்டான்.

அமைச்சர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவங்க பக்கம் எவ்வளவு மாட்டியிருந்துச்சு?"

"இருபத்தி நாலுங்கய்யா."

"அட மடப்பயலே, அதையும் சேத்துக் கழற்ற வேண்டியதுதானே!"

கொம்பையா தலையில் அடித்துக்கொண்டான். மறுநாளே மைதானத்தில் பயிற்சி ஆரம்பமாயிற்று. நெட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கம்பத்தின் உச்சியில் தகடுகளைக் கட்டினார்கள். தோள்மேல் ஏறுகிறார்கள், கழற்றுகிறார்கள், படகுத்துறைக்கு ஓடுகிறார்கள். இருளப்பன் இப்போது மூச்சு விடுவதற்குள் இருபத்தைந்தைக் கழற்றிவிடுகிறான்.

பந்தா? அது உறியில் போட்டு வேப்பமரத்தில் தொங்குகிறது. மூன்று வருஷமாகிறது, இன்னும் ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை.