வாசமில்லாத பட்டைத் தைலம்

பூங்குடி நாட்டை ஆண்ட கனகசேகர ராஜாவுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அவர் மேனியில் பூசிக்கொள்ளும் கருவாப்பட்டைத் தைலம். நாட்டில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவே போட்டிருந்தார். இன்னொன்று, மாதந்தோறும் மாறுவேடத்தில் நகர்வலம் போய் மக்கள் மனத்தை அறிந்து வருவது. போன இடமெல்லாம் புகழ்ச்சிதான். இவ்வளவு நல்ல ராஜாவா நாம் என்று அவருக்கே சில சமயம் கண் கலங்கிவிடும்.

ஒரு நாள் சபைக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"அத்தர் வியாபாரி மீரான் ராவுத்தன் நம்மை ஏமாற்றுகிறான்! குப்பி முழுவதையும் பூசியாயிற்று. துளி வாசம் இல்லை. வெறும் எண்ணெயை நம் தலையில் கட்டிவிட்டான்!"

சபையில் அத்தனை பேர் கண்ணிலும் நீர் வழிந்தது. பட்டையின் காரம் அப்படி. முன்வரிசைக்காரர்கள் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மந்திரி நாகலிங்கம் எழுந்தார். "உண்மைதான் பிரபு. ஒரு வாசமும்... அச்! இல்லவே இல்லை."

"ஏன் தும்முகிறீர்?"

"தங்கள் துயரம் தாங்காமல், பிரபு."

"நாளை பொழுது சாய்வதற்குள் அவன் வலது கையை வெட்டுங்கள்!" என்றார் ராஜா.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன தாண்டவனுக்கு உண்மை தெரியும். மீரான் ராவுத்தர் பட்டையை இடித்து, ஊறவைத்து, அடுப்பருகே வெந்து வேர்த்துச் சொட்டுச் சொட்டாகத் தைலம் வடிப்பவர். குறை தைலத்தில் இல்லை, ராஜாவின் மூக்கில். ஒரே வாசனையை வருஷக்கணக்கில் முகர்ந்தால் எந்த மூக்கும் மரத்துத்தான் போகும். ஆனால் அதைச் சொன்னால் ராவுத்தரின் கையோடு தன் தலையும் போகும்.

"பிரபு, நாளை நகர்வலம் அல்லவா?" என்றான் தாண்டவன். "வாசமே இல்லாத தைலத்தைப் பூசிக்கொண்டு போவானேன்? சீயக்காய் தேய்த்துக் குளித்து, தறியிலிருந்து இறங்கிய புதுத் துணி உடுத்திப் போகலாமே. பூசினாலும் பூசாவிட்டாலும் ஒன்றுதானே?"

"ஒன்றேதான்!" என்றார் ராஜா.

மறுநாள் காலையில் ராஜா வளையல் வியாபாரியாகவும் தாண்டவன் கூலியாளாகவும் கிளம்பினார்கள். கடைத்தெருவில் ஒரு பெண் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கள் ராஜா எப்படியம்மா?" என்று ராஜா ஆசையோடு கேட்டார்.

"அவருக்கென்ன, நோகாம நொங்கு திங்கிறாரு. உப்புக்கு வரி, உமிக்கு வரி. நாளைக்குத் தும்முனா அதுக்கும் வரி போடுவாரு."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த தெருவுக்கு ஓடினார். அங்கே நாவிதர் ஒருவர், "மந்திரி நாகலிங்கம் ஆமாம்னா இவரும் ஆமாம்பாரு. தலையாட்டி பொம்மைய்யா!" என்றார். அதற்கடுத்த தெருவில் கேட்டதை இங்கே எழுத முடியாது.

ராஜா கொதித்துப்போய் அதே வேடத்தில் சபைக்குத் திரும்பினார். "போன மாதம்வரை வாய் நிறைய வாழ்த்தியவர்கள்! எப்படித் திடீரென்று மாறினார்கள்?"

"யாரும் மாறவில்லை பிரபு," என்றான் தாண்டவன். "முன்பெல்லாம் தாங்கள் வருவதற்குள் பட்டை வாசம் தெருவுக்குள் வந்துவிடும். வேறு யாரும் பூசக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. வாசம் வந்தால் ராஜா வருகிறார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வைவதை நிறுத்திவிட்டு வாழ்த்துவார்கள். இன்று வாசம் வரவில்லை. அவ்வளவுதான்."

ராஜா மெல்லக் கேட்டார். "அப்படியானால் தைலத்தில் வாசம் இருக்கிறது?"

"மூன்று தெரு தள்ளி அடிக்கிறது, பிரபு."

ராஜா திரும்பினார். "நாகலிங்கம், நம்மேல் இப்போது மணக்கிறதா?"

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மந்திரிக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு விம்ம மூச்சை இழுத்தார். "ஆகா! பட்டை வாசம் கமகமவென்று தூக்குகிறது பிரபு!"

"யோவ், இன்றைக்கு நான் பூசவே இல்லை!"

சபை சிரிப்பில் அதிர்ந்தது. எல்லாரையும்விட ராஜாதான் அதிகம் சிரித்தார். சிறையில் கிடந்த ராவுத்தரை வரவழைத்து விடுவித்தார். தன் கைக் காப்பைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். போகத் திரும்பிய ராவுத்தரைக் கூப்பிட்டு, "அடுத்த மாதம் ஒன்றுக்கு இரண்டு குப்பியாகக் கொண்டு வாரும்," என்றார்.

"இரண்டு எதற்கு, பிரபு?" என்றான் தாண்டவன்.

"அடுத்த நகர்வலத்துக்குத்தான். ஒரு நாள் உண்மையைக் கேட்டதற்கே காது எரிகிறதடா!"