மடைக்காரியின் வால்

அந்தக் காலத்தில் விலங்கு மட்டுமா பேசியது, உடம்புக்குள் இருக்கிற உயிரணுவும் வாய் ஓயாமல் பேசும். கண்ணுக்கே தெரியாத உயிரணுவுக்குள் ஓர் ஊர் இருந்தது என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, இருந்தது. ஒரு முயலின் இதயத்தில் இருந்தது.

ஊரைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே கால்சியம் கடலாகக் கிடந்தது. மதிலில் இருந்த மடையை மாடத்தி காத்தாள். அவள் மடையைத் திறந்தால் கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும், ஊருக்குள் இருக்கும் கயிற்றுக்காரர்கள் கயிற்றை இழுப்பார்கள், ஊர் சுருங்கும். மூடினால் விடுவார்கள், ஊர் விரியும். அதுதான் துடிப்பு. மாடத்தியின் உடம்பு மதிலோடு பதிந்திருந்தது. நீண்ட வால் மட்டும் ஊருக்குள் தொங்கும்.

ஊர் நடுவே உட்கரு என்ற மாளிகை. அங்கே மரபணு என்னும் அச்சுகளை அச்சுடையார் வைத்திருந்தார். எந்த அச்சைத் திறக்கிறாரோ அந்த ஆள் பிறப்பார். யார் சங்கதியானாலும் அவரவரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது அவர் கறார்.

ஒருநாள் முயலை நாய் துரத்தியது. மடை ஓயாமல் திறந்து மூடியது. "பாவம், ஒத்தையா கஷ்டப்படுறா" என்று அச்சுடையார் மாடத்தியின் அச்சைத் திறந்தே வைத்துவிட்டார். தங்கச்சிமார் பிறந்து பிறந்து மதிலில் பதிந்தார்கள், ஆளுக்கொரு மடையோடு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்தது. கயிற்றுக்காரர்கள் இழுத்த கயிற்றை விட முடியாமல் விறைத்துப்போனார்கள். இப்படியே போனால் ஊர் சாகும், முயலின் நெஞ்சும் நின்றுவிடும்.

மாடத்தி ஆள் அனுப்பினாள். "அவளையே வரச் சொல்" என்று அச்சுடையார் திருப்பி அனுப்பினார். எப்படி வருவாள்? அவள் நகர்ந்தால் மதிலில் ஓட்டை விழும்.

பழுதானதை வெட்டிப்போடுகிற இருளப்பனைக் கூப்பிட்டாள். "அண்ணே, என் வாலை வெட்டு."

இருளப்பன் பின்வாங்கினான். "என்ன தாயி பேசுற? உசிரோட இருக்கிறதை நான் வெட்டினதே இல்லையே."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. வெட்டு."

வெட்டினான். வால் விழுந்தது. விழுந்த வால் எழுந்து உட்கருவை நோக்கி நடந்தது, ஊரே விலகி வழி விட்டது.

அச்சுடையார் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "யார் நீ?"

"மாடத்தி."

"மீதி எங்கே?"

"மதில்ல நிக்கிறேன். நேர்ல வரச் சொன்னீங்களே, வந்துட்டேன்."

அவர் தலை குனிந்தது. "என்ன வேணும் சொல்லும்மா. புது வால் வேணுமா?"

"என் அச்சை மூடுங்க சாமி. இனி என் கூடப்பிறப்பு ஒருத்தியும் பிறக்க வேண்டாம்."

அந்தச் சொல்லுக்கு அவர் அதிர்ந்த மாதிரி வால் வந்ததற்குக்கூட அதிரவில்லை. ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார். தன் இனமே வேண்டாம் என்று யார் கேட்பார்? அவர் கை எழவில்லை. வாலே போய் அச்சின் மேல் படுத்து அதை மூடிக்கொண்டது.

பிறந்திருந்த தங்கச்சிமார் வயதாகி ஒருத்தி ஒருத்தியாக உதிர்ந்தார்கள். மதிலில் நின்று மாடத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழுதாள். வெள்ளம் வடிந்தது. கயிறு தளர்ந்தது. முயல் மூச்சு விட்டது.

இன்றைக்கும் இதயத்து உயிரணுவில் கால்சியம் மடையின் வால் துண்டாகி, உட்கருவுக்குப் போய், தன்னைப் பிறப்பித்த மரபணுவையே அடக்கி வைக்கிறதே, அது அன்றைக்குத் தொடங்கியதுதான்.